ஒரே தோட்டாவை சுடுற ரெண்டு துப்பாக்கில ஒண்ணு மட்டும் ஏன் தடை?

கேள்வி இதுதான். ரெண்டு துப்பாக்கி, ரெண்டுலயும் ஒரே தோட்டா, ஒரே தூரம் போகுது, ஒரே சேதம் பண்ணுது, ஆனா ஒண்ணை லைசென்ஸ் வாங்கி வீட்ல வெச்சுக்கலாம், இன்னொண்ணு கையில இருந்தாலே ஜெயில், இதுல என்ன லாஜிக் இருக்கு, சட்டம் எழுதுறவங்களுக்கு துப்பாக்கி பத்தி ஒண்ணுமே தெரியாதானு கேட்டிருக்கீங்க. பழைய துப்பாக்கிகளைப் பிரிச்சு சுத்தம் பண்ணி, முத்திரை படிச்சு பதிவு பண்ற வேலையில ரொம்ப வருஷம் இருந்தவன் நான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், சுருக்கமா சொன்னா தப்பா புரிஞ்சுக்க வாய்ப்பு அதிகம்.

சட்டத்தால ஆபத்தை நேரடியா அளக்க முடியாது. அதனால அது துப்பாக்கியில ஏதாவது ஒரு பாகத்தைப் பிடிச்சுக்கும். குழல் நீளம், விசை (ட்ரிக்கர்) வேலை செய்யற விதம், குழலோட உள்விட்டம், செஞ்ச வருஷம், இப்படி ஸ்கேல் வெச்சு காட்டக்கூடிய ஏதாவது ஒண்ணு. எந்தப் பாகத்தைப் பிடிக்கும்னா, அந்தச் சட்டம் எழுதின காலத்துல எது புதுசா வந்து எல்லாரையும் பயமுறுத்துச்சோ அதை. ஒரு நாட்டோட ஆயுதச் சட்டத்தை எடுத்து வரி வரியா படிச்சா, எந்த வரி எந்த மெக்கானிசத்துக்குப் பயந்து எழுதினதுனு சொல்லிட முடியும்.

ஆரம்பத்துல இருந்து வரேன். வெடிமருந்து சீனாவுல பிறந்தது, வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் சேர்ந்தது, 1044ல தொகுத்த ஒரு சீன ராணுவ நூல்லயே அதோட கலவைகள் எழுத்துல இருக்கு. மூங்கில் குழாய்ல மருந்து அடைச்சு எதிரி மேல நெருப்பு கக்க வெச்சாங்க, அப்புறம் உலோகக் குழாய், 1288 வாக்கைச் சேர்ந்த ஒரு சின்ன வெண்கலக் கைப்பீரங்கி வடகிழக்கு சீனாவுல தோண்டி எடுத்திருக்காங்க. இது ஐரோப்பாவுக்குப் போய் 15ஆம் நூற்றாண்டுல திரி போட்டு சுடுற துப்பாக்கியா மாறுச்சு. நம்ம "துப்பாக்கி"ங்கிற சொல்லே துருக்கி மொழி வழியா வந்ததுதான், பொருளோட சேர்ந்து பேரும் பயணம் பண்ணியிருக்கு.

அந்தத் திரித் துப்பாக்கியை முதல் தடவை கையில எடுத்தப்போதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. வெடியுப்புல ஊறப்போட்ட ஒரு கயிறு, அது சண்டை முடியற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருக்கணும், அணைஞ்சா துப்பாக்கி வெறும் இரும்புத் தடி. மழை வந்தா போச்சு. ராத்திரில அந்தக் கங்கு தூரத்துல இருந்தே தெரியும், வாசனையும் காட்டிக் கொடுக்கும், பக்கத்துல மருந்துப் பை வேற தொங்கும். இதை ஒருத்தன் சட்டைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போய் யாரையும் சுட முடியாது. அதனால அந்தக் காலத்துல துப்பாக்கினா படையோட விஷயம், ராஜாக்களோட கவலை எல்லாம் யார்கிட்ட எத்தனை இருக்குங்கிறதுதான். ஜப்பானுக்கு 1543ல போர்ச்சுகீசியர் மூலமா இந்தத் துப்பாக்கி வந்து அரை நூற்றாண்டுக்குள்ள, 1588ல அந்நாட்டை ஆண்ட ஹிடெயோஷி விவசாயிங்ககிட்ட இருந்து வாளோட துப்பாக்கியையும் சேர்த்து பறிமுதல் பண்ண ஆணை போட்டார். அங்க யாருமே மெக்கானிசத்தைப் பார்க்கல, ஆளோட சாதி அந்தஸ்தைப் பார்த்தாங்க.

மெக்கானிசத்தைப் பார்த்து போட்ட முதல் தடைனா எனக்குத் தெரிஞ்சு சக்கரப் பூட்டுக்குப் போட்டதுதான், பூட்டுனா இங்க மருந்தைப் பத்த வெக்கற மெக்கானிசம். 1500 வாக்குல வந்தது அது. ஒரு பல்லுள்ள சக்கரம், அதை சாவியால கடிகாரம் மாதிரி முடுக்கி வெச்சுடணும், விசையை இழுத்தா சக்கரம் சுத்தி ஒரு பைரைட் கல்லுல உரசி பொறி பறக்கும், மருந்து பத்திக்கும். பார்க்க சின்ன மாற்றம் மாதிரி தெரியலாம். ஆனா எரியற திரி போயிடுச்சு பாருங்க! இப்போ மருந்து போட்டு, முடுக்கி, அங்கிக்குள்ள வெச்சுக்கிட்டு மணிக்கணக்கா நடக்கலாம், யாருக்கும் தெரியாது. உடனே 1517, 1518 வாக்குலயே பேரரசர் மாக்ஸிமிலியன் இதுக்குத் தடை போட்டார். அவர் பயந்தது வீண் இல்ல, 1584ல டெல்ஃப்ட் நகரத்துல ஆரஞ்ச் இளவரசர் வில்லியமை மாடிப்படிப் பக்கத்துலயே பிஸ்டலால சுட்டுக் கொன்னாங்க, அந்தச் சுவத்துல இருக்கற ஓட்டைகளை இன்னைக்கும் கண்ணாடி போட்டுக் காட்டுறாங்க. ஒளிச்சு வெக்க முடியுமா முடியாதாங்கிறது அன்னைக்கே சட்டத்துக்குள்ள வந்துடுச்சு, இன்னைக்கு வரைக்கும் போகல. 1903ல பிரிட்டன் போட்ட பிஸ்டல் சட்டம், குழல் ஒன்பது இன்ச்சுக்கு மேல போகலைனா அது பிஸ்டல்னு எழுதுச்சு. நானூறு வருஷம் கழிச்சும் அதே அங்கிப் பை பயம்தான்.

இதுக்கு நடுவுல ஓடின இன்னொரு வகை சட்டத்தை யாரும் பேசறதே இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது. சுடுறவனைக் காப்பாத்துற சட்டம். குழல் மோசமா இருந்தா வெடிச்சு சுடுறவன் கையும் கண்ணும்தான் போகும். அதனால 1637ல லண்டன் துப்பாக்கி செய்றவங்க சங்கத்துக்கு சாசனம் கிடைச்சப்போ குழலை சோதிக்கற அதிகாரமும் சேர்ந்து வந்துச்சு, பர்மிங்காமுக்கு 1813ல தனி சோதனைச்சாலை. சோதனைனா வழக்கத்தை விட ரொம்ப அதிகமா மருந்து போட்டு சுட்டுப் பார்ப்பாங்க, தாங்கிச்சுனா முத்திரை குத்துவாங்க, தாங்கலைனா அங்கயே முடிஞ்சது. ஒரு பழைய ரெட்டைக் குழல் துப்பாக்கியைப் பிரிச்சு, குழலைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தா, சின்னச் சின்னதா கிரீடமும் எழுத்துகளும் தெரியும், அதைப் படிக்கத் தெரிஞ்சா எந்த ஊர்ல எப்போ சோதிச்சது, எந்த மருந்துக்கு சோதிச்சதுனு எல்லாம் வந்துடும். அந்தக் கடைசி விஷயம் உயிர் சமாச்சாரம். கறுப்பு மருந்துக்கு மட்டும் சோதிச்ச குழல்ல இன்னைய மருந்து உள்ள தோட்டாவைப் போட்டா அது சுடுறவன் கையிலயே வெடிக்கலாம். குழல் மேல தண்ணி அலை மாதிரி அழகா கோடு ஓடற பழைய துப்பாக்கியை வாங்கினதும் சுட்டுப் பார்க்கணும்னு துடிக்கறவங்களை நிறுத்தி முத்திரையைக் காட்டி கெஞ்சியிருக்கேன். தயவு செஞ்சு பார்க்காம சுடாதீங்க.

அடுத்த மாற்றங்களை வேகமா சொல்லிடறேன். சக்கிமுக்கிக் கல் பூட்டு, அப்புறம் 1807ல ஃபோர்சைத்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார், அடிச்சா வெடிக்கற ரசாயனத்தால மருந்தைப் பத்த வெக்கற முறைக்கு பேடன்ட் வாங்கினார், அதுல இருந்து அந்த ரசாயனம் அடைச்ச சின்ன மூடி, அதாவது கேப் வந்துச்சு, மழை பிரச்சனை தீர்ந்துச்சு. குழலுக்குள்ள திருகு மாதிரி வரி போட்டா தோட்டா சுத்திக்கிட்டு நேரா போகும்னு ரொம்ப முன்னாடியே தெரியும், அதுதான் ரைஃபிள், ஆனா தோட்டாவை மேல இருந்து தட்டித் தட்டி இறக்கணும், நேரம் ஆகும். 1849 வாக்குல மினியேங்கிற பிரெஞ்சு அதிகாரி பேர்ல வந்த தோட்டா சுலபமா உள்ள விழுந்துடும், சுடும்போது அடிப்பக்கம் விரிஞ்சு வரியைப் பிடிச்சுக்கும், அதோட சாதா சிப்பாயும் தூரத்துல குறி வெக்கலாம்னு ஆயிடுச்சு. இதே குடும்பத்துல வந்ததுதான் என்ஃபீல்டு, அதோட கொழுப்புத் தடவின காகிதத் தோட்டாவைப் பல்லால கடிக்கறதுல கிளம்பின கோபம் 1857ல என்ன ஆச்சுனு எல்லாருக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் 1878ல பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கு ஆயுதச் சட்டம் போட்டுச்சு. இந்தியனுக்கு லைசென்ஸ் வேணும், ஐரோப்பியனுக்கு விலக்கு. அமெரிக்காவுலயும் உள்நாட்டுப் போர் முடிஞ்ச கையோட, 1865ல மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பின மக்கள் அனுமதி இல்லாம துப்பாக்கி வெச்சுக்கக் கூடாதுனு சட்டம் எழுதுச்சு. இதை நான் ஏன் சொல்றேன்னா, ஆயுதச் சட்டம்னாலே பொதுமக்கள் பாதுகாப்புக்குத்தான்னு நினைக்கறவங்க வரலாறு படிக்கல. யார் ஆளணும், யார் அடங்கி இருக்கணும்ங்கிறதுக்காகவும் இதே லைசென்ஸ், இதே பதிவேடு உபயோகப்பட்டிருக்கு. அதை மறைச்சுட்டுப் பேசறது நேர்மை இல்ல.

இப்போ உங்க கேள்விக்கு நேரா வர்ற ஒரு உதாரணம், குழலோட உள்விட்டம். 1907ல பிரிட்டிஷ் அரசு .450 அளவு (அதாவது 0.45 இன்ச்) தோட்டா, துப்பாக்கிகளை இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டு போக தடை போட்டுச்சு. காரணம் என்னன்னா, அவங்க ராணுவத்துல இருந்து வெளிய போன, அதே .450 அளவு குண்டு சுடற மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள் கலகக்காரங்க கையில நிறைய இருந்துச்சு, வேட்டைக்காரங்க கொண்டு வர்ற தோட்டாவோட குண்டு அதுக்கு உதவிடுமோனு பயம். சரி, யானை, காட்டெருமை வேட்டைக்குப் போறவங்க என்ன பண்ணுவாங்க? துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475னு புதுப் புது அளவுல தோட்டா கொண்டு வந்துட்டாங்க, சக்தி கிட்டத்தட்ட அதேதான். .470 இன்னைக்கு வரைக்கும் பெரிய வேட்டைத் தோட்டாக்கள்ல பேர் போனது, அது இவ்வளவு பரவினதுக்கு அந்த ஒரு தடைதான் முக்கிய காரணம். அதே கணக்குதான் இந்தியாவுல .315 ரைஃபிளும். த்ரீ நாட் த்ரீ (.303) ராணுவ அளவு, பொதுமக்களுக்குக் கூடாது, அதனால அதே லீ என்ஃபீல்டு வடிவத்தை .315 தோட்டாவுக்கு மாத்தி இஷாப்பூர் தொழிற்சாலையில செஞ்சு பொதுமக்கள் லைசென்ஸுக்குக் கொடுத்தாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சா பழக்கம் இல்லாதவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. சட்டம் அங்க சேதத்தை அளக்கல, ராணுவக் கிடங்குல இருந்து திருடின தோட்டா வெளியில இருக்கற துப்பாக்கிக்கு உதவக்கூடாதுனு நினைச்சுது. அந்த நோக்கத்தைத் தெரிஞ்சுக்கிட்டா விதி முட்டாள்தனமா தெரியாது.

அடுத்து பெரிய விஷயம், தானா சுடறது. கறுப்பு மருந்து சுட்டா புகையும் கரியும் பாகங்களுக்குள்ள அடைஞ்சுக்கும். 1884ல பால் வியே பிரான்சுல புகையில்லா மருந்து கண்டுபிடிச்சார், 1886ல லெபெல் ரைஃபிள் அதோட வந்துச்சு. அதே சமயத்துல மாக்ஸிம்ங்கிற கண்டுபிடிப்பாளர், சுடும்போது பின்னாடி உதைக்கற சக்தியை வெச்சே அடுத்த தோட்டாவை ஏத்தற இயந்திரத் துப்பாக்கியை செஞ்சார். உதையோ, குழல்ல வர்ற வாயுவோ, ஏதோ ஒண்ணு அடுத்த தோட்டாவை ஏத்திடும், மனுஷன் கை போட வேண்டியதில்ல. இதுல இருந்து ரெண்டு வகை பிரிஞ்சுது. செமி ஆட்டோமேட்டிக்ல சுட்டதும் ஒரு சின்ன பாகம் விசைக்கும் சுத்தியலுக்கும் நடுவுல இருக்கற தொடர்பைத் துண்டிச்சுடும், நீங்க விரலைத் தளர்த்தி மறுபடி இழுத்தாதான் அடுத்தது. முழு ஆட்டோமேட்டிக்ல அந்தத் துண்டிப்பு கிடையாது, விரல் இருக்கற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். பிரிச்சு மேஜையில பரப்பி வெச்சா அந்த வித்தியாசம் நகத்தளவு இரும்புத் துண்டுல இருக்கும். நீங்க கேட்ட "ஒரே தோட்டா, ரெண்டு துப்பாக்கி"க்கு பெரும்பாலான நாட்டுச் சட்டங்கள்ல பதில் அந்த நகத்தளவுதான்.

ஆனா அதை வார்த்தையில எப்படி எழுதறது? இங்கதான் சுவாரஸ்யம். 1934ல எழுதின அமெரிக்கச் சட்டம் "விசையோட ஒரே இயக்கத்துல" தானா ஒண்ணுக்கு மேல சுட்டா மெஷின் கன்னு சொல்லுது. இந்தியாவோட 1959 சட்டம் விசையில அழுத்தம் கொடுத்தா அழுத்தம் எடுக்கற வரைக்கும் இல்ல மேகசின் (தோட்டா அடுக்கற பெட்டி) காலியாகற வரைக்கும் தோட்டா வந்துக்கிட்டே இருந்தா அது தடை செய்யப்பட்ட ஆயுதம்ங்குது. பிரிட்டிஷ் சட்டம், திரும்பத் திரும்ப விசையை அழுத்தாமலே ரெண்டோ அதுக்கு மேலயோ சுட முடிஞ்சா தடைங்குது. மூணும் ஒண்ணு மாதிரிதான் தோணும். 2017ல லாஸ் வேகாஸ்ல ஒருத்தன் ஹோட்டல் ஜன்னல்ல இருந்து கூட்டத்தை சுட்டு 60 பேர் செத்தாங்க, அவன் துப்பாக்கிகள்ல பம்ப் ஸ்டாக்னு ஒரு கட்டை மாட்டியிருந்துச்சு, உதையால துப்பாக்கி முன்னும் பின்னும் ஆட விரல்ல விசை படபடனு மோதும். அரசாங்கம் அதை மெஷின் கன்னு அறிவிச்சு தடை பண்ணுச்சு. 2024 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3ங்கிற கணக்குல அந்த அறிவிப்பை ரத்து பண்ணிடுச்சு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை தனியா ஒரு தடவை இயங்குதுனு காரணம், தீர்ப்புக்குள்ள விசை மெக்கானிசத்தைப் படம் போட்டே விளக்கியிருக்காங்க. எதிர்த் தீர்ப்பு எழுதினவங்க, சுடறவன் என்ன பண்றான்னு பாருங்க, விசை உள்ள என்ன பண்ணுதுனு பார்க்காதீங்கனு வாதாடினாங்க. எனக்கு மெக்கானிசமா பார்த்தா மெஜாரிட்டி சொன்னது சரி, அதனாலயே சொல்றேன், அமெரிக்கப் பாராளுமன்றம் அந்த வார்த்தையை மாத்தி எழுதியிருக்கணும், 1934ல எழுதின ஒரு வாக்கியத்தை மேல மேல இழுத்துக்கிட்டே இருக்கக் கூடாது.

அந்த 1934 சட்டத்துல இன்னொரு வினோதம். கும்பல் சண்டைகள் நடந்த காலம், மெஷின் கன், நீளம் குறைச்ச ரைஃபிள், நீளம் குறைச்ச ஷாட்கன், சைலன்சர் எல்லாத்துக்கும் 200 டாலர் வரி, அன்னைக்கு ஒரு தாம்சன் மெஷின் கன் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதல் வரைவுல பிஸ்டலும் இருந்துச்சு. பிஸ்டலை கட்டுப்படுத்தினா ஆளுங்க நீளத் துப்பாக்கியை அறுத்து சின்னதா ஆக்கிடுவாங்களேனுதான் நீளம் குறைச்சதையும் சேர்த்தாங்க. அப்புறம் எதிர்ப்பு வந்து பிஸ்டலை எடுத்துட்டாங்க, ஆனா ஓட்டையை அடைக்கப் போட்ட விதி மட்டும் அப்படியே நின்னுடுச்சு. இப்போ 16 இன்ச்சுக்கு ஒரு இன்ச் குறைஞ்ச ரைஃபிள் பதிவு இல்லாம இருந்தா பெரிய குற்றம், அதை விட சின்ன பிஸ்டல் சாதாரணம். 2026 ஜனவரியில இருந்து அந்த 200 டாலர் மெஷின் கன் மாதிரி சிலதைத் தவிர மத்ததுக்கு பூஜ்யம் ஆயிடுச்சு, பதிவு பண்ற கட்டாயம் மட்டும் இருக்கு. இந்த இடத்துல உங்க கோபம் நியாயம்தான், ஒத்துக்கறேன். அமெரிக்காவுல 1994 முதல் 2004 வரைக்கும் இருந்த அசால்ட் ஆயுதத் தடையும் அப்படித்தான், மடிக்கற கட்டை, பிஸ்டல் பிடி, பயனட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டற முனை இப்படி அம்சங்களை எண்ணி தடை பண்ணாங்க, கம்பெனிகள் பயனட் முனையையும் இன்னும் ஒண்ணு ரெண்டையும் எடுத்துட்டு அதே ரைஃபிளை வித்தாங்க.

இதை விட அடிப்படையான ஒரு கேள்வி இருக்கு, துப்பாக்கினா எந்தப் பாகம்? எல்லாத்தையும் கழட்டி மேஜையில வெச்சா எது துப்பாக்கி? அமெரிக்காவுல சட்டப்படி ஃப்ரேம் இல்லனா ரிசீவர், அதாவது மத்த பாகங்களை மாட்டற கூடுதான் துப்பாக்கி, சீரியல் நம்பர் அதுல இருக்கும். ஏஆர் 15ங்கிற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்ல அது கீழ்ப்பாதி, விசை உட்கார்ற அலுமினியக் கூடு, சுடும்போது வர்ற அழுத்தத்துல பெருசா எதையும் அது தாங்கறதில்ல. அழுத்தம் முழுக்க தாங்கற குழலும், குழலோட பின்பக்கத்தை அடைக்கற போல்ட்டும் மேல்பாதி, அதை மத்திய சட்டப்படி வாங்கறவனோட பின்னணி சோதனை எதுவும் இல்லாம பார்சல்ல வாங்கலாம். ஐரோப்பிய யூனியன் விதிகள்ல குழல், போல்ட், ரிசீவர், ஸ்லைடு, சிலிண்டர்னு முக்கிய பாகம் ஒவ்வொண்ணையும் தனித்தனியா கட்டுப்படுத்தறாங்க. என் கருத்துல ஐரோப்பிய வழிதான் இன்ஜினியரிங்குக்குப் பொருந்துது, ஏன்னா கூட்டை பிளாஸ்டிக்ல கூட வார்க்கலாம், நல்ல குழல் செய்யறதுதான் கஷ்டம். பாதி செஞ்ச ரிசீவரை நம்பர் இல்லாம விக்கற வியாபாரம் அமெரிக்காவுல பெருகினது இதனாலதான், அப்படி பாகங்களைச் சேர்த்து விக்கற கிட்டுகளையும் துப்பாக்கியா கருதலாம்ங்கிற விதியை 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றம் 7க்கு 2னு ஏத்துக்கிச்சு.

பாகத்தைப் பிடிக்கறதுல இவ்வளவு ஓட்டைனா, ஆளைப் பார்க்கறதுதான் இன்னொரு வழி. டன்பிளேன் பள்ளியில 1996 மார்ச்ல 16 குழந்தைகளும் ஒரு டீச்சரும் செத்த பிறகு பிரிட்டன் அடுத்த வருஷமே பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடை பண்ணுச்சு, அது பாகத்தைப் பார்த்த தடை. அதே வருஷம் ஏப்ரல்ல போர்ட் ஆர்தர்ல 35 பேர் செத்தப்போ ஆஸ்திரேலியா 12 நாள்ல ஒப்பந்தம் போட்டு ரெண்டையும் செஞ்சுது. செமி ஆட்டோமேட்டிக் நீளத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தி காசு கொடுத்து 6 லட்சத்து 50 ஆயிரம் வாக்குல திரும்ப வாங்குச்சு, கூடவே எதுக்கு வேணும்னு உண்மையான காரணம் காட்டணும், தற்காப்புங்கிறது காரணமே ஆகாது, பூட்டி வெக்கணும், பதிவு பண்ணணும்னு எழுதுச்சு. 2019ல கிறைஸ்ட்சர்ச் மசூதிகள்ல 51 பேர் செத்த ஒரு மாசத்துக்குள்ள நியூசிலாந்து பாராளுமன்றம் 119க்கு 1னு சட்டம் போட்டுச்சு. என் அனுபவத்துல இந்த ஆளைப் பார்க்கற விதிகள்தான் நின்னு வேலை செய்யுது, டிசைன் மாறினாலும் அது பழசாகறதில்ல. ஆனா 1878ஐ மறந்துடாதீங்க, யார் தகுதினு முடிவு பண்ற ஆளுக்கு வெளிப்படையான காரணம் எழுதற கட்டாயமும், மறுத்தா அப்பீல் போற வழியும் இல்லைனா அதுவும் அநியாயமா போயிடும்.

கடைசியா வருஷத்தை வெச்சு பிரிக்கறது, இது என் வேலையிலயே தினம் வரும். அமெரிக்க மத்திய சட்டத்துல 1898 வரைக்கும் செஞ்ச துப்பாக்கி ஆன்டிக், அதாவது பழம்பொருள், அது பெரும்பாலான விதிகளுக்கு துப்பாக்கியே கிடையாது. சிலி நாட்டு ராணுவத்துக்காக ஜெர்மனியில செஞ்ச 1895 மாடல் மவுசர் ரைஃபிள்கள் இருக்கு, முதல்ல லுட்விக் லோவே கம்பெனி செஞ்சுது, 1896 கடைசியில கம்பெனி பேர் டிடபிள்யூஎம்னு மாறிடுச்சு. அதனால சேகரிக்கறவங்க ரிசீவர் மேல லோவே, பெர்லின்னு செதுக்கியிருக்கானு விரலால தடவிப் பார்ப்பாங்க, இருந்தா வருஷமே தேட வேண்டாம், ஆன்டிக். டிடபிள்யூஎம்னு இருந்தா செஞ்ச வருஷத்தை நிரூபிக்கணும், 1899னு வந்துட்டா அது மத்த துப்பாக்கி மாதிரியே பின்னணி சோதனை, படிவம் எல்லாம். ரெண்டும் ஒரே 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவைத்தான் சுடுது, ஒண்ணோட போல்ட்டைக் கழட்டி இன்னொண்ணுல போட்டா பல சமயம் உள்ள போயிடும், ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் மூடினா தோட்டாவுக்கு உள்ள இருக்கற இடம், அதை அளக்காம மட்டும் சுட்டுடாதீங்க.